பறக்கும் கவுனும் ஒரு துட்டியும்

என் மாமியார் இறந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாம் உடனே கிடைத்தது. ஃப்ரீசர் பெட்டி, பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சங்கு ஊதுகிறவர், அத்தனையும். போட்டோ மட்டும் கிடைக்கவில்லை. ஆதார் அட்டையில் அவர் சந்தேகக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி இருந்தார். கடைசியில் யாருடைய காதுகுத்திலோ எடுத்த படத்தில் ஓரமாக நின்றவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். தோளில் வேறு யாருடையதோ ஒரு கை இருந்தது. ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ அழித்துப் பார்த்தும் பாதிக் கைதான் போயிற்று. கோயமுத்தூரில் எங்கள் ஹால் சுவரில் அந்தம்மாள் இன்றைக்கும் அந்த அரைக் கையோடுதான் இருக்கிறார்.

அன்று காரியமெல்லாம் முடிந்ததும் என் போனைத் திறந்து பார்த்தேன். கணவர் கேக் வெட்டுகிறார். மகன் புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறான். மகள் பட்டம் வாங்குகிறாள். ஒரு படத்தில்கூட நான் இல்லை. எப்படி இருப்பேன்? எடுத்தவளே நான்தானே. எனக்கு ஐம்பத்துநான்கு வயது, சர்க்கரையும் எட்டிப் பார்த்துவிட்டது. நான் போன பிறகு என் முகம் யாருக்கும் ஞாபகமில்லாமல் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். என் சுவருக்கான படத்தை நானே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த யோசனையோடு இருந்தபோதுதான் நாசரேத்தில் ஒரு கல்யாணம் வந்தது. கணவரின் அலுவலக நண்பர் மகளுக்கு. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மொய்க் கவரைக் கொடுத்து என்னை மட்டும் அனுப்பிவைத்தார். தனியாக ஊருக்குப் போவது எனக்கு எப்போதாவது வருகிற சங்கதி. கல்யாணம் முடிந்து மூன்று நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நாசரேத்துக் கல்யாணத்தில் பத்திரிகையில் என்ன நேரம் போட்டிருந்ததோ அந்த நேரத்துக்கே சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் முகூர்த்தம் தவிர மற்றதெல்லாம் உத்தேசம்தான். பாதிப் பேர் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்ததால் பந்தியில்கூட வரிசை கோணவில்லை. மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில்தான் பிரின்சியைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பெண், கல்யாணப் போட்டோகிராபர். சின்ன உருவம், பெரிய கேமரா. அவளுடைய போனில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் ஒரு பெண் சிவப்புக் கவுனில் நிற்கிறாள். கவுனின் வால் ஒரு பஸ் நீளத்துக்கு வானத்தில் பறக்கிறது.

"இது துபாய்ங்களா?" என்றேன்.

"நம்ம தூத்துக்குடிக்கா. பிளையிங் கவுன் ஷூட். வெளிநாட்டுல பெரிய கோபுரம், பாலம்னு அதுக்கு முன்னால நின்னு எடுப்பாவ. நான் நம்ம ஊருலயே பேர்போன இடமா பாத்து வச்சிருக்கேன். யாருக்குக்கா கல்யாணம், மகளுக்கா?"

"எனக்குத்தானுங்க."

"ஒங்களுக்குக் கல்யாணமா?"

"கல்யாணம் இல்லீங். சாவுக்கு."

பிரின்சி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் மாமியார் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டவள், "அப்ப முகம் நல்லாத் தெரியணும்" என்றாள். தொழில்காரி. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலையில் தூத்துக்குடியில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு அவள் கவுனோடும் ஒரு மாமாவோடும் வந்தாள். கவுன் எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்றாள். முன்பக்கம் பொருந்தியது. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி. அதைக் கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்புகளால் இழுத்துப் பிடித்தாள். உள்ளே நான் ஜாக்கெட்டும் உள்பாவாடையும் போட்டிருந்தேன். கழுத்தில் ஒரு முத்துமாலை. முத்துக்குளித்த ஊரில் முத்து மாட்டுகிறேனே என்று தடவிப் பார்த்தேன். "பிளாஸ்டிக்குதான். டெல்லியில இருந்து வருது" என்றாள்.

மாமாவின் பெயர் சேசையா. கவுனின் வாலை ஆள் வைத்துத்தான் வீச வேண்டும். வீசிவிட்டு அந்த ஆள் படத்துக்கு வெளியே ஓட வேண்டும். டவுனை ஒட்டிய ஓடைகளில் மாமா வீச்சு வலை போடுகிறவர். "மாமா வீசினா வட்டம் தப்பாது" என்றாள் பிரின்சி. மாமா அதை மறுக்கவில்லை. அவரே இரண்டு முறை சொல்லவும் செய்தார்.

முதல் இடம் பெரிய மாதா கோயிலுக்கு முன்னால். ஒரு பொட்டுக் காற்று இல்லை. மாமா வலை போடுகிற வேகத்தில் வாலைச் சுழற்றி வீசினார். வட்டம் தப்பவில்லை. நேராக என் தலைமேல் விழுந்து காலைச் சுற்றிக்கொண்டது. உள்ளே நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ, "ஏலே, சீரியல் எடுக்காவ போல. அம்மா வேசம்" என்பது கேட்டது.

இரண்டாவது இடம் துறைமுகம். வாசலில் இருந்த காவலர் கவுனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாஸ் இல்லாமல் யாரையும் விடுவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். திரும்பி ஆட்டோவில் ஏறினோம். வாலைச் சுருட்டி மடியில் வைத்தால் என் முகம் மறைந்தது. டிரைவருக்குக் கண்ணாடி மறைந்தது. எனவே வெளியே விட்டோம். பின்னால் பைக்கில் வந்த ஒருவர், சக்கரத்தில் மாட்டிவிடும் என்று நினைத்து, அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே கூட வந்தார். ரயில்வே கேட் வரைக்கும் வந்தார். அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்ததால், "அக்கா, இதப் பிடிச்சிக்கிடுங்க" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரிலும் உதவி செய்வார்கள்தான். ஆனால் முதலில் என்ன விஷயம் என்று கேட்பார்கள்.

மத்தியானம் பொரித்த பரோட்டா. பிய்த்தால் நொறுங்குகிறது, சால்னாவை ஊற்றினால் நிமிஷத்தில் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. கிளிப்புகளில் ஒன்று தெறித்து அடுத்த மேஜைக்காரரின் இலையில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், நடுவே பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அழகுக்குக் குறைவில்லை. மாமா வீசிய வீச்சில் வால் முழுக்கப் பாத்திக்குள் போய் ஊறிவிட்டது. கரையில் போட்டுக் காயவைத்தோம். காய்ந்த பிறகு தூக்கினால் அது துணியாகவே இல்லை. அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. தொட்டால் உப்பு உதிர்ந்தது. பிரின்சிக்கு அழுகை வராத குறை. மாமா மட்டும் கையில் வாங்கி எடை பார்த்தார். "இப்பதான் வலைக்குள்ள கனம் வந்திருக்கு. நாளைக்குப் பாருங்க" என்றார்.

நாளைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

புன்னைக்காயல் பக்கம் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். மினிபஸ்ஸில் போனோம், வாலுக்கு ஒரு சீட். அலைவாய்க் கரையை ஒட்டி உயரமான மணல்மேடு இருந்தது. அதன்மேல் ஏறினால் ஒரு பக்கம் ஊர், கோயில் மணிக்கூண்டு, மறுபக்கம் கடல். தூரத்தில் வள்ளங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. காற்று நன்றாக அடித்தது.

மாமா வாலைக் கையில் வாரிச் சுருட்டி, ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி வீசினார். அம்மாடி! உப்புக் கனத்தோடு அது மேலே போய் விரிந்து, காற்றைப் பிடித்து, சிவப்பாக வானத்திலேயே நின்றது. என் வாழ்க்கையில் என்னை ஒட்டிக்கொண்டு அவ்வளவு பெரிய ஒன்று நின்றதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு தடவைங்க!" என்று கத்தினேன்.

மறுபடி வீசினார். மறுபடியும். கடலில் புள்ளிகள் கொஞ்சம் பெரிதாயின.

"அக்கா, பேக்ரவுண்டுல வள்ளம் தானா வருது!" என்று பிரின்சி துள்ளினாள். "மாமா, விடாம வீசுங்க!"

மாமா விடாமல் வீசினார். வீச வீச வள்ளங்கள் வேகமாக வந்தன. எல்லாம் எங்களை நோக்கியே வந்தன. என்னைப் பார்க்கத்தான் வருகிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கவுன் போட்டவளுக்கு அந்த நினைப்பு வரத்தான் செய்யும்.

முதல் வள்ளம் கரை தொடுவதற்கு முன்பே ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். "யாரு? யாரு போனது?" என்று கேட்டுக்கொண்டே மேட்டில் ஏறினார். பதிலுக்கு நிற்காமல் எங்களைத் தாண்டி ஊருக்குள் ஓடினார். அதே நேரம் ஊருக்குள்ளிருந்து பெண்கள் தலைவிரி கோலமாகக் கடலைப் பார்த்து ஓடிவந்தார்கள். "சேசுவே! கடல்ல யாரு? எவுக வள்ளம்?" என்று அவர்கள் கேட்டார்கள். கடலிலிருந்து வந்தவர்கள், "ஊருல யாரு?" என்று கேட்டார்கள். மேட்டின் மேல் இரண்டு கூட்டமும் சந்தித்து ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தது. யாரும் குறையவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மீன் ஏலம் விடுகிற ரோஸ்லின் என்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏளா, நீ யாரு? எதுக்குத் துணி வீசுத?"

"போட்டோவுக்குங்க."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் துட்டி விழுந்தால், அதாவது யாராவது இறந்துபோனால், இந்த மேட்டில் ஏறி ஒரு சேலையை வீசுவார்கள். கடலில் எங்கே இருந்தாலும் வள்ளங்கள் திரும்பிவிட வேண்டும். இந்தக் காலத்திலும் சேலைதானா என்று பிரின்சி கேட்டாள். "போனைப் பொதிஞ்சு பெட்டிக்குள்ள வச்சிருப்பாவ. எஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? துணி கண்ணுக்குத் தெரியும்லா" என்றார் ரோஸ்லின். "அதுலயும் இம்புட்டு நீளத்துக்கு எங்க ஊருல எவுகளுக்கும் வீசினது கெடையாது. பிஷப்பே செத்துட்டாவளோன்னு நெனச்சேன்." பிரின்சி டவுன்காரி, மாமா ஓடைக்காரர். இரண்டு பேருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. மாமா வாலை மெதுவாகக் கீழே வைத்தார்.

முதலில் ஓடியவர் திரும்பி வந்தார். பெயர் லூர்து. வீட்டில் அவருடைய அப்பா நோயாளியாகக் கிடக்கிறாராம். "அப்பா கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காவ. 'மீன்பாட்ட விட்டுட்டு எதுக்குலே வந்த'ன்னு ஏசுதாவ" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார். அவர் காலில் விழலாம் என்று குனிந்தேன். பின்னால் இரண்டு கிளிப் தெறித்தது. நிமிர்ந்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க எல்லாரும். தெரியாமப் பண்ணிட்டோமுங்க. நீங்க மறுபடி கடலுக்குப் போங்க" என்றேன்.

போக முடியாதாம். துணி வீசி வள்ளம் திரும்பிவிட்டால், இறந்தவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணி, மணி அடித்த பிறகுதான் கடலில் கால் வைக்கலாம். அன்றைக்கென்று பார்த்து சீலா மீன் கூட்டமாக வந்திருந்தது. வருஷத்தில் சில நாள்தான் அப்படி வருமாம். எல்லார் கண்ணும் கடலிலேயே இருந்தது. அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பை என் கவுன் வந்து கெடுத்துவிட்டது.

பங்குச் சாமியார் டவுனுக்குப் போயிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வரவழைக்கப்பட்டார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்த மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேரு வேணும்" என்றார்.

"பொதுவா எல்லாருக்கும்னு சொல்லி மணி அடியுமே" என்றார் லூர்து.

"பொதுவா எவனும் சாகலயே. பேரு சொன்னாத்தான் மணி."

"போன வருசம் செத்த எங்க சித்தப்பா பேரச் சொல்லுங்களேன்" என்றது ஒரு குரல்.

"அவருக்கு அடிச்சாச்சு. ரெண்டு மட்டம் அடக்க முடியுமா?"

உயிரோடு இருக்கிற யார் பேரையாவது சொல்லலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். கூட்டத்தில் ஆளாளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். மேட்டின் உச்சியில் நான் மட்டும் நின்றேன்.

"கலாவதிங்க" என்றேன். "என் பேரு. நான்தானே வீசச் சொன்னேன்."

கோயில்பிள்ளை என் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்தது. "நம்ம வேதம் இல்லியே" என்றவர், கடலையும் சீலாவை நினைத்துக்கொண்டு நின்ற ஆட்களையும் ஒரு முறை பார்த்தார். "சரி. மணிக்கு அதெல்லாம் தெரியாது" என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேட்டடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வாலை மடித்து மடியில் வைத்தார்கள். துட்டி வீட்டு வழக்கப்படி கடுங்காப்பி வந்தது. கருப்பட்டி போட்டது, சர்க்கரையை மறந்து இரண்டு டம்ளர் குடித்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "நல்ல சாவுதான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார். "கலா, குக்கர் வெயிட் எங்க வெச்ச?"

"நான் ஒரு துட்டியில இருக்கேனுங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்கதானுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கோயில்பிள்ளை ஜெபத்தை ஆரம்பிக்கப் போனபோது ரோஸ்லின் தடுத்தார். "நாலு வரி ஒப்பாரி இல்லாம மணியா? அது அனாதப் பொணத்துக்கு." என் பக்கம் திரும்பினார். "ஒங்களப் பத்திச் சொல்லுங்கக்கா. சொன்னாத்தான படிக்க முடியும்."

நான் சொன்னேன். கணவர் பேங்கில் மேனேஜர். மகன் ஓசூரில் கார் கம்பெனி. மகள் சென்னையில். மாமியாரைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

"அது அவுக" என்றார் ரோஸ்லின். "நீங்க?"

"நல்லாச் சமைப்பேனுங்க. அவருக்குப் பச்சைப்பயறு கடைஞ்சாத்தான்…"

"அது அவருக்குப் புடிச்சது. செத்தது நீங்கல்லா?"

நான் யோசித்தேன். கூட்டம் முழுவதும் காத்திருந்தது. எனக்கென்று எதுவும் வாயில் வரவில்லை. நல்ல போட்டோ இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போட்டோவில் நிற்க வேண்டிய ஆளையே காணோம் என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது. பொலபொலவென்று அழுதுவிட்டேன். என் துட்டியில் முதலில் அழுதவள் நான்தான். ரோஸ்லின் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "ஏதாவது ஒண்ணு இருக்கும். மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு விசிலடிக்கத் தெரியுமுங்க" என்றேன்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. சின்ன வயதில் சோளக்காட்டில் கிளி விரட்டக் கற்றுக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவையும் அடித்ததில்லை.

"பொய்யி" என்றார் லூர்து. மூக்கு இன்னும் சிவந்திருந்தது. "அடிங்க பாப்பம்."

பிளாஸ்டிக் முத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து ஊதினேன். முதல் தடவை வெறும் காற்று. இரண்டாம் தடவை வந்தது பாருங்கள், மணிக்கூண்டிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. மேடு முழுக்க வெடித்துச் சிரித்தது. கோயில்பிள்ளைகூட ஜெபப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். ரோஸ்லின் மார்பில் அடித்துக்கொண்டு இழுத்துப் பாடினார்:

"சீட்டியடிச்சி வந்த மவராசி,
செவப்புத் துணி வீசி நின்ன மவராசி,
சீலா வந்த நாளையில
சிரிக்க வச்சிப் போனியேளா!"

பிறகு ஜெபம். என் பேரைச் சொன்னார்கள். மணி நிதானமாக, ஒவ்வொன்றாக அடித்தது. அது எனக்குத்தான் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமே இல்லை. மணி நின்றதும் ஆண்கள் பாய்ந்து ஓடி வள்ளங்களைத் தள்ளினார்கள். லூர்து கடைசியாக ஏறி, என்னைப் பார்த்து இரண்டு விரலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது.

சாயங்காலம் பஸ் ஏறும்போது ரோஸ்லின் வாழையிலையில் சுற்றி ஒரு சீலாத் துண்டைக் கொடுத்தார். "துட்டிக்கு வந்தவுகளுக்குக் குடுக்கது இல்ல. செத்தவுகளுக்குக் குடுக்கலாம்" என்றார். லாட்ஜுக்குப் பக்கத்துக் கடையில் வறுத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டேன்.

கோயமுத்தூருக்கு வந்த பிறகு பிரின்சி படங்களை அனுப்பினாள். பறக்கிற படங்கள் எல்லாம் பிரமாதம். கடல், வானம், வள்ளங்கள், நடுவில் அந்தச் சிவப்பு. ஆனால் ஒன்றில் என் முகத்தைத் துணி மறைத்திருந்தது, ஒன்றில் முடி மறைத்திருந்தது, மற்றவற்றில் மாமாவைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்துக்கு மட்டும் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அக்கா, இதுல முகம் நல்லாத் தெரியுது.' கலைந்த தலையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் இரண்டு விரல். அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். கணவரிடம் ஆணி அடித்து ஹாலில் மாட்டித் தரச் சொன்னேன்.

"அந்தச் சுவத்துல உயிரோட இருக்கறவங்க படம் மாட்டக் கூடாது கலா" என்றார்.

"எனக்கு மணி அடிச்சாச்சுங்க" என்றேன். புரியாமல் பார்த்தார். உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு விசிலடிக்கத் தெரியுமா?" என்றார்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, அங்கேயே நின்று அடித்துக் காட்டினேன்.